பொடிக் கிண்ணத்தில் ஒரு ஓட்டை

2009 ஆகஸ்ட் 8, சனிக்கிழமை. இரண்டாம் சனி என்பதால் கல்லூரி விடுமுறை. எழுந்ததும் பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, மேல்தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும்வரை பேப்பர் படித்தேன். பேப்பர் முழுக்கப் பன்றிக் காய்ச்சல். பிறகு விடுமுறைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வேலைகள்: பின்கதவுக் கீலுக்கு எண்ணெய், சுவர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி, ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுதல். இந்த வரிசையில்தான் செய்வேன். வரிசை மாறினால் என்ன ஆகிவிடும் என்று மனைவி கேட்பாள். ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் மாற்றியதில்லை.

அன்றைய நாட்குறிப்பில் இதுவரை உள்ளதை அப்படியே எழுதிவிட்டேன். இதற்குப் பிறகு நடந்தவை ஒரு பக்கத்தில் அடங்காமல் ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்திலும் பாதியைப் பிடித்துக்கொண்டன. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியில்லை.

பிளக்கை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. என் மனைவியின் தம்பி. மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீடு, சாப்ட்வேர் வேலை. அந்த வருஷம் வேலை என்று சொல்வது கொஞ்சம் மிகை. கம்பெனியில் இவனுக்குக் கொடுக்க வேலை இல்லை. சும்மா உட்காரவைத்துச் சம்பளம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு பெஞ்ச் என்று பெயர். சும்மா உட்கார்ந்தவர்களில் பாதிப் பேரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவன் எப்போது தன் முறை வரும் என்று காத்திருந்தான்.

"இவ்ளோ காலைல எங்கடா?" என்றாள் மனைவி.

"தண்ணி லாரி வந்துச்சுக்கா. ஹாரன் அடிச்சு எழுப்பிட்டான். எழுந்தது எழுந்தாச்சு, இட்லி சாப்பிடலாம்னு வந்தேன்."

கையில் ஒரு மரப்பெட்டி. இட்லிக்காக யாரும் மரப்பெட்டியோடு வருவதில்லை.

பெட்டியில் வைக்கோல் மாதிரி எதையோ பரப்பி, அதன் மேல் ஒரு ஹெட்போன். காதில் வைக்கும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் இல்லை, மரம். அழகாகக் கடைந்த இரண்டு மரக் கிண்ணங்கள், குப்புறக் கவிழ்த்தது போல. இரண்டையும் சேர்த்துத் தலைக்கு மேல் தோல் சுற்றிய பட்டை. வெளிநாட்டில் ஒரு சின்னக் கம்பெனி செய்வது. வாங்க விரும்புகிறவர்கள் பெயர் எழுதிவைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவன் காத்திருந்து, அங்கிருந்து ஊருக்கு வந்த நண்பனின் பெட்டிக்குள் வைத்து வரவழைத்திருந்தான்.

பெட்டிக்குள் இருந்த அட்டையை எடுத்துத் தமிழில் சொன்னான். தீவுகளில் கடற்காற்றைக் குடித்து வளர்ந்த மரம். அதை அங்குள்ள மக்கள் தெய்வமாகக் கும்பிடுவார்கள். ஒரே மனிதர், தன் வீட்டுப் பட்டறையில், ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்கிறார்.

"அந்த மனுஷனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"ஏன்?"

"நாள் முழுக்கக் காதுல இத மாட்டிக்கிட்டே இருக்கறவன் வீட்ல யாரு பேச்சைக் கேப்பான்?"

இவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்டர்நெட்டில் இவனைப் போன்ற ஹெட்போன் பைத்தியங்கள் கூடிப் பேசும் ஓர் இடம் இருக்கிறது. ஆபீஸில் இவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அங்கேயோ இவன் எழுதினால் முன்னூறு பேர் படிப்பார்கள். இந்த ஹெட்போனைப் பற்றி இவன் நீளமாக எழுதியதை அந்தக் கம்பெனிக்காரர் படித்துவிட்டு, இந்தியாவில் எங்கள் பொருளை நீயே விற்கிறாயா என்று கேட்டு மெயில் போட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் ஞாயிறு, அந்தக் கூட்டத்தில் உள்ள சென்னைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மேடவாக்கத்துக்கு ஹெட்போனைக் கேட்க வருகிறார்கள். அவர்கள் தலையாட்டினால் இவன் கம்பெனிக்குச் சரி என்று எழுதிவிட்டு, பெஞ்சிலிருந்து தானாகவே எழுந்துவிடுவான். அனுப்புவதற்கு முன் தானே எழுந்து போவதில் ஒரு மரியாதை இருப்பதாக நினைத்தான். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

என் தலையிலும் மாட்டிவிட்டான். அதைச் சொல்லத்தான் வேண்டும்: நன்றாக இருந்தது. எத்தனையோ வருஷமாகக் கேட்கும் ஒரு பழைய பாட்டு. பல்லவி எடுப்பதற்கு முன் பாடகர் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். அந்தச் செருமல் அதில் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கழற்றவே மனமில்லை. மனைவி இட்லித் தட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டிய பிறகுதான் கழற்றினேன்.

சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். ஹெட்போன் பெட்டியின் மூடி திறந்தபடி பக்கத்தில். இவன் இட்லியைப் பிட்டு, மிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தோய்த்தபடியே, மரத்தின் உட்புறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அங்கேதான் ரகசியம் இருக்கிறதாம். உள்ளே கையால் தேன்மெழுகு தேய்த்திருக்கிறார்கள். குரலுக்கு வரும் இதம் அதனால்தான். மலிவான போலிகள் மவுண்ட் ரோடு பக்கத்துக் கடைகளுக்கு வர ஆரம்பித்துவிட்டன. வெளியே பார்த்தால் அச்சு அசல் இதேபோல இருக்கும், ஆனால் உள்ளே மெழுகு கிடையாது. தான் கண்ணை மூடிக்கொண்டே வித்தியாசம் சொல்லிவிடுவதாக எழுதியிருக்கிறான்.

"நீ அந்தப் போலியைக் கேட்டிருக்கியா?" என்றேன்.

"போட்டோல பாத்தேன் மாமா."

மனைவி இவன் சொல்வதைக் கேட்கவில்லை. ஹெட்போனைப் பார்த்தாள். பிறகு மேசை நடுவே இருந்த பொடிக் கிண்ணத்தைப் பார்த்தாள். மறுபடி ஹெட்போனைப் பார்த்தாள்.

"டேய். இது நம்ம பொடிக் கிண்ணம்டா."

"அக்கா, ப்ளீஸ். எதை எதோட கம்பேர் பண்ற?"

"கண்ணு இருந்தா பாரு. விளிம்புல மூணு கோடு. இதுலயும் மூணு கோடு."

எங்கள் வீட்டில் அந்த மாதிரிக் கிண்ணங்கள் இரண்டு. ஒன்றில் மிளகாய்ப் பொடி, ஒன்றில் பருப்புப் பொடி. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பாய் வீட்டிலிருந்து வந்தவை. பாய்க்குப் படப்பையில் மரம் கடையும் பட்டறை. இரண்டு ரம்ஜானுக்கு முன்னால் நோன்புக் கஞ்சி அனுப்பியபோது, தொட்டுக்கொள்ளத் துவையலை இந்தக் கிண்ணங்களில் வைத்து அனுப்பினார்கள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று மனைவி முறுக்கு வைத்து அனுப்பினாள். பாய் வீட்டம்மா அதில் வட்டிலப்பம் வைத்து அனுப்பினார். இவள் சுண்டல். அவர் சமோசா. யாரும் வெறும் கிண்ணத்தை அனுப்பத் தயாராக இல்லாததால், கிண்ணங்கள் தெருவில் நடையாய் நடந்தன. கடைசியில், "அது பட்டறையில கழிச்ச கிண்ணம்தான், நீங்களே வச்சுக்குங்க" என்று அந்த அம்மா கெஞ்சிய பிறகுதான் எங்கள் மேசையில் தங்கின. இரண்டிலும் அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு ஓட்டை உண்டு. பொடி மணல்போல ஒழுகவே, மெழுகுவத்தியை உருக்கி அடைத்துவைத்தோம்.

நான் எழுந்துபோய் என் வெர்னியர் காலிப்பரை எடுத்துவந்தேன். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. ஆனால் இது கல்லூரியுடையது அல்ல, என் சொந்தக் காசில் வாங்கியது.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் மனைவி.

வாயகலம், ஆழம், விளிம்பின் கனம், ஓட்டை. நான்கையும் இரண்டு தடவை அளந்தேன். ஹெட்போனுக்கும் பொடிக் கிண்ணத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. ஹெட்போனில் அந்த ஓட்டை வழியாகத்தான் ஒயர் உள்ளே போகிறது. நிறத்தில் மட்டும் எங்களுடையது ஒரு படி மேல். இரண்டு வருஷம் நல்லெண்ணெய் குடித்த மரம்.

மச்சானின் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மலர்ந்தது.

"மாமா! காப்பி அடிக்கிற இடம் இதுதான்! மாட்டிக்கிட்டானுங்க!"

"பொடிக் கிண்ணத்தை எவன்டா காப்பி அடிப்பான்?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாதுக்கா. கம்பெனிக்கு எழுதினா எனக்குத்தான் ஏஜென்சி, கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பான். மாமா, கிளம்புங்க. பொடியை வேற எதுலயாவது கொட்டச் சொல்லுங்க, கிண்ணத்தை ஆதாரத்துக்கு எடுத்துக்கணும்."

பொடிகள் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களுக்கு இடம் மாறின. நாங்கள் கிளம்பினோம்.

முடிச்சூர் சாலையில் ஒரகடம் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபடி, இவன் கேட்க வேண்டிய கேள்விகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது, வாடிக்கையாளர் மாதிரி பேச வேண்டும், பேசும்போதே போட்டோ எடுத்துவிட வேண்டும். சட்டைப்பையில் சின்ன கேமரா துருத்திக்கொண்டிருந்தது. பாய் எங்களுக்கு வருஷாவருஷம் கஞ்சி அனுப்புகிறவர் என்று நான் நினைவுபடுத்தினேன். "அதனாலதான் மாமா, அவருக்குச் சந்தேகமே வராது" என்றான்.

படப்பைக் கடைத்தெருவைத் தாண்டி உள்ளே போனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே கடைசல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. தரையெல்லாம் சுருள் சுருளாக மரச்சீவல். ஒரு பக்கம் கட்டில் கால்கள், ஒரு பக்கம் அஞ்சறைப் பெட்டிகள், சுவரோரமாக இரண்டு பெரிய கூடைகள் நிறைய நம் பொடிக் கிண்ணங்கள்.

பாய் எழுந்து வந்தார். "வாங்க சார், வாங்க! லீவு நாள்ல இவ்ளோ தூரம்! வீட்ல நல்லாருக்காங்களா? தம்பி யாரு, மச்சினரா? உக்காருங்க, டீ சொல்றேன்."

தம்பி உட்காரவில்லை. கூடைகளைப் பல கோணங்களில் போட்டோ எடுத்தான். பாய் அதைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார். அதையும் எடுக்கவேண்டியதாயிற்று.

பிறகு இவன் துப்பறிகிறவன் போல மெல்லப் பெட்டியைத் திறந்து, ஹெட்போனை அவர் கையில் கொடுத்து, அவர் முகத்தையே பார்த்தான்.

பாய் அதைத் திருப்பினார். விளிம்பைத் தடவினார். கொட்டகைக்குள் திரும்பிக் கத்தினார்.

"யோவ், எல்லா மிஷினையும் நிறுத்திட்டு இங்க வா! நம்ம கிண்ணத்துக்கு வாரு போட்டு வச்சிருக்காங்க பாரு!"

சட்டையெல்லாம் மரத்தூளாக ஒருவர் வந்தார். பாயின் பட்டறையில் கிண்ணம் கடைபவர் அவர்தான். வாங்கிப் பார்த்தார்.

"இன்னா பாய் இது? மாட்டுக்குக் கட்ற மணி மாதிரி கீது."

"காதுல மாட்டிப் பாட்டு கேக்கறது" என்றேன்.

"காதுலயா?" இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். பாய் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுபடி ஹெட்போனைப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாலு வருஷமா இந்தக் கிண்ணம் எதுக்குன்னு தெரியாம மண்டையைப் பிச்சுக்கறோம் சார். கிண்டியிலேர்ந்து ஒரு ஏஜென்ட் வருவாரு. படம் வரைஞ்சு குடுப்பாரு. இது எதுக்குங்கன்னு கேட்டா, எக்ஸ்போர்ட்டும்பாரு. எக்ஸ்போர்ட்னா அது ஒரு சாமானா சார்?"

"நான் அன்னிக்கே சாம்பிராணி போடறதுன்னு சொன்னேன்" என்றார் கடைசல்காரர்.

"வெள்ளைக்காரன் எதுக்கு சாம்பிராணி போடுறான்? சட்னி வைக்கத்தான்னு நான் சொன்னேன்."

"ஓட்டைல சட்னி வடிஞ்சுடாதா பாய்?"

"அது ஆணியில மாட்டி வைக்கறதுக்குடா."

இருவருக்கும் நான்கு வருஷமாக முடியாமல் இருந்த வழக்கு போலிருக்கிறது. மச்சான் இடையில் புகுந்தான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உள்ள மெழுகு தேய்ச்சிருக்கே. அது?"

"அதுவா தம்பி! சாப்பிடற சாமான் ஆச்சே. அஞ்சறைப் பெட்டிக்கு உள்ள மெழுகு தேய்ப்போம், வாசனை இறங்காம இருக்க. அதே மாதிரி இதுக்கும் தேய்ச்சுக் குடுத்தோம். ஏஜென்ட் குதிச்சாரு, படத்துல இல்லாத வேலையை யாரு செய்யச் சொன்னதுன்னு. சரிங்க, அடுத்த லோடுல நிறுத்திடறேன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு அவரே ஓடியாறாரு. பாய், நிறுத்தாதீங்க, அங்க ரொம்பப் புடிச்சுப்போச்சு, உள் மெழுகு இல்லாம அனுப்பாதீங்கன்னு."

நான் மச்சானைப் பார்த்தேன். மூன்று பாரா எழுதியிருக்கிறான், அந்த உள் மெழுகைப் பற்றி. அவன் கூரையைப் பார்த்தான்.

"அந்த மூணு கோடு?" என்று நான் கேட்டேன்.

கடைசல்காரர் தலையைச் சொறிந்தார். "படத்துல ரெண்டுதான் போட்ருந்தாங்கோ. நான் கட்டில் கால் கடையறவன் சார். கட்டில் காலுக்கு மூணு கோடு. கை அப்டியே போய்டுச்சு. அதையும் நல்லாக்கீதுன்னுட்டாங்கோ."

"மரம் தீவுலேர்ந்துதானே வருது?" மச்சான் கடைசியாகப் பிடித்துக்கொள்ள ஒரு கிளையைத் தேடினான்.

"பூவரசு தம்பி. ஒரகடம் ரோடு அகலம் பண்ணும்போது வெட்டிப் போட்டாங்க, ஏலத்துல எடுத்தேன். தீவுலயும் இருக்கும், யாரு வேணாம்னா? கடற்கரை மரம்தானே."

"கடற்காத்து…"

"லாரிக் காத்து குடிச்சிருக்கும். நல்லா குடிச்சிருக்கும்."

சின்ன வயதில் எல்லோரும் பூவரசு இலையைச் சுருட்டி பீப்பீ ஊதியிருப்போம். அந்த மரத்துக்கு இசை புதிதல்ல என்று ஆறுதலாகச் சொன்னேன். மச்சான் ஆறுதல் அடையவில்லை.

ஆனாலும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. அசல் இங்கேயே செய்வதாக இருக்கட்டும். போலி வேறு எங்கேயோதானே? கூடைகள் ஏன் இரண்டு என்று கேட்டான்.

"இது கிண்டி ஆளுக்கு. அது வேற ஏஜென்டுக்கு. அவரு நம்ம கிண்ணம் ஒண்ணைக் கொண்டாந்து, இதே மாதிரி விலை கம்மியா வேணும்னாரு. நம்ம கிண்ணத்தையே நம்மகிட்ட கொண்டாந்து காப்பி அடிக்கச் சொல்றாரு! சரின்னு மேல் பாலிஷ்ல ஒரு பூச்சு குறைச்சுட்டேன். உள் மெழுகு வேணாம்னாரு."

"அப்போ அதுல உள்ள மெழுகு இருக்காது!" மச்சான் நிமிர்ந்தான்.

பாய் கடைசல்காரரைப் பார்த்தார். கடைசல்காரர் தன் காலைப் பார்த்தார்.

"தேய்க்கக் கூடாதுன்னுதான் நெனைக்கிறேன் பாய். மிஷினை விட்டு எடுக்கறதுக்குள்ள கை தேய்ச்சுடுது."

"எல்லாத்துக்குமா?" என்றார் பாய்.

"அல்லாத்துக்கும்தான்."

மச்சான் இரண்டாவது கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உள்ளே பார்த்தான். மெழுகு பளபளத்தது. தன்னுடையதையும் பார்த்தான். "என்னோடது முதல் கூடைதானே பாய்?" என்று கேட்டபோது, இன்டர்நெட்டில் முன்னூறு பேருக்குப் பாடம் எடுப்பவனின் குரலாக அது இல்லை.

பாய்க்குப் பொய் சொல்ல வரவில்லை. "லோடு ஏத்தற நேரத்துல நாலு குறையும் தம்பி. பக்கத்துக் கூடையிலேர்ந்து எடுத்து, இன்னொரு பூச்சு பாலிஷ் அடிச்சு வச்சுடுவோம். எந்தக் கூடைன்னு நான் எப்டி சொல்ல? ஆனா நம்மளுது. அது நிச்சயம்."

மச்சான் அங்கிருந்த பூவரசங்கட்டை மேல் உட்கார்ந்தான். டீ வந்தது.

ஹெட்போன் என்ன விலை என்று பாய் கேட்டார். சொன்னான். மிஷின் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று பாய் மறுபடி கேட்டார். மிஷின்கள் நின்றிருந்தன. மறுபடி சொன்னான். பாய் ஹெட்போனை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். ஏஜென்ட்டைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ சட்டைக் காலரை மெல்லத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"நம்ம கிண்ணம் இவ்ளோ பெரிய ஆளா? யோவ், கேட்டியா? இனிமே சட்னிக்கு எடுத்துக்கிட்டுப் போனே, தெரியும்!" என்னைப் பார்த்து, "சார், உங்க வீட்ல இருக்கற ரெண்டையும் லாக்கர்ல வைக்கச் சொல்லுங்க" என்றார்.

பாயும் ஒரு பாட்டு கேட்டார். கண்ணை மூடி, தலையை ஆட்டிக் கேட்டார். "ஜோராத்தான் இருக்கு தம்பி" என்று கழற்றிக் கொடுத்தார். அடுத்து கடைசல்காரர். பல வருஷம் மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்கு இடது காது மந்தம். மச்சான் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தான். ஓர் இடத்தில் அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். தன் இடது பக்கத்தைத் தொட்டுக் காண்பித்தார். "இந்தப் பக்கமும் பாடறாங்கோ" என்றார். பாட்டு முழுக்க முடியும்வரை கழற்றவில்லை. நாங்களும் திருப்பித் தரச் சொல்லவில்லை. கழற்றிய பிறகு, "இதுல வூட்டுக்காரி பேசறதும் கேக்குமா?" என்றார். பேசினால் கேட்காது, பாட்டு மட்டும்தான் என்றான் மச்சான். "அப்ப நல்ல சாமான்தான் சார்."

மச்சான் ஹெட்போனின் காதுப் பஞ்சைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவன், என்ன நினைத்தானோ, துடைக்காமலே பெட்டியில் வைத்தான். பாய் எங்கள் கிண்ணத்தின் ஓட்டையில் இருந்த மெழுகை ஆணியால் நோண்டி எடுத்து, ஹெட்போன் ஒயர் அதற்குள் போகுமா என்று வைத்துப் பார்த்தார். சரியாகப் போயிற்று. அதில் அவருக்குத் தனி சந்தோஷம். இரண்டாவது கிண்ணத்திலும் நோண்டிப் பார்த்தார்.

கிளம்பும்போது மச்சான், "பாய், நான் இந்த விஷயத்தை வெளில சொன்னா உங்க ஆர்டருக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்டான்.

"யாருகிட்டயும் சொல்லாதேன்னு ஏஜென்ட் சொன்னாருதான். ஆனா எதைச் சொல்லக் கூடாதுன்னு அவரு சொல்லவே இல்லியே. எனக்கே இன்னிக்குத்தான தெரியும்!" பாய் யோசித்தார். "ஊரு பேரு போடுங்க தம்பி. பட்டறை பேரு வேணாம். அவரு மூஞ்சில நான் முழிக்கணும்."

திரும்பி வரும் வழியில் மண்ணிவாக்கம்வரை லாரிகளை முந்துவதிலேயே குறியாக இருந்தான். பிறகு, "மாமா, உள்ள இருக்கற ஸ்பீக்கரை இவங்க பண்ணலியே. காதுல வச்சு வச்சுச் சரிபண்றது அந்த ஆளுதானே?" என்றான்.

"ஆமாம்."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்போ நான் எழுதினது முழுக்கப் பொய்யில்ல."

"முழுக்க இல்ல. அந்த மூணு பாரா மட்டும்."

சிரித்துவிட்டான். கொஞ்ச தூரம் போனதும், "நான் ஏஜென்சி எடுத்தா, படப்பைலேர்ந்து ஒரு கிண்ணம் உலகத்தைச் சுத்திட்டு மேடவாக்கம் வந்து சேரும்" என்றான்.

"தாம்பரத்துல ஒரு பஸ் மாறினா போதும்" என்றேன்.

மாலையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தான். எழுதினான், அழித்தான், எழுதினான். மனைவி அதற்குள் நடந்ததையெல்லாம் என்னிடம் வாங்கிக்கொண்டு, பாய் வீட்டம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வராமல் ஒரு டப்பா அதிரசத்தோடு திரும்பியிருந்தாள். இவன் எழுதியதைப் படித்துக் காட்டினான். விற்கச் சம்மதம். ஆனால் கிண்ணம் கடைவது படப்பையில், மரம் பூவரசு என்று பெட்டியில் எழுத வேண்டும். எழுதுவதாக இருந்தால் விற்கிறேன், இல்லையென்றால் வேண்டாம். பொருள் நன்றாக இருக்கிறது, அதைச் சொல்ல இந்தத் தீவு வேண்டியதில்லை.

"மாட்டேன்னு சொல்லிட்டான்னா?" என்றாள் மனைவி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"பெஞ்ச் இருக்கே."

"அவனும் அனுப்பிட்டான்னா?"

"தெரியலக்கா." கொஞ்ச நேரம் விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டே இருந்தான். எங்கள் பிராட்பேண்ட் அன்று வழக்கத்துக்கு மாறாக வேகமாக இருந்தது. பட்டனை அழுத்தியதும் போய்விட்டது. திரும்ப எடுக்க முடியாது.

இவன் அதிரசத்தைக் கடித்தான். நாளை வருகிறவர்களிடம் என்ன சொல்வதாக உத்தேசம் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அசலையும் போலியையும் பிரித்துக் காட்டுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல மாமா. அக்கா, நாளைக்குக் காலைல இட்லி செஞ்சு குடுப்பியா? பீட்சா ஆர்டர் பண்ணலாம்னு இருந்தேன், வேணாம். அந்த ரெண்டு கிண்ணத்தையும் குடு."

"பொடியோடவா, பொடி இல்லாமலா?"

"பொடியோட. முதல்ல எல்லாரும் தொட்டுக்கிட்டுச் சாப்பிடட்டும். அப்புறம் கிண்ணத்துக்குப் பக்கத்துல ஹெட்போனை வைக்கிறேன். யாரு முதல்ல கண்டுபிடிக்கிறாங்கன்னு பாக்கலாம்."

"உன்னைவிட எல்லாரும் சீக்கிரம் கண்டுபிடிப்பாங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி இட்லி அரிசியை அளக்கப் போனாள்.

மறுநாள் காலை பால் பாக்கெட்டை எடுக்கவில்லை, மோட்டார் போடவில்லை. எழுந்ததும் முதல் வேலையாக மெழுகுவத்தியைக் கொளுத்தி, இரண்டு கிண்ணங்களின் ஓட்டையையும் சொட்டுச் சொட்டாக அடைத்தேன்.